தோளில் அமர்ந்த எண்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மேசைமேல் நான் வைத்திருப்பது ஒரு நூல் கோன். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டு வாங்கி வந்தேன். உள்குழலில் 40 என்று அச்சிட்டிருக்கிறது. நாற்பதாம் நம்பர் நூல். இந்த அவையில் பாதிப் பேருக்கு அதன் பொருள் வீட்டிலேயே தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் நாற்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. நம்பர் ஏற ஏற நூல் மெலியும், நீளம் கூடும்.

நாற்பதை 840-ஆல் பெருக்கினால் ஒரு பவுண்டுக்கு 33,600 கஜம். மீட்டருக்கும் கிலோவுக்கும் மாற்றினால், ஒரு கிலோ நூலின் நீளம் 67,700 மீட்டர். திண்டுக்கல்லில் இந்தக் கல்லூரி வாசலில் நுனியைக் கட்டிவிட்டுத் தெற்கே நடந்தால், ஒரு கிலோ நூல் தீரும்போது நாம் ஏறத்தாழ மதுரையில் நிற்போம்.

இதே நூல் நிலா வரை எட்ட வேண்டுமானால் எத்தனை கிலோ வேண்டும்? சூரியன் வரை எட்ட? வகுப்பில் இதைக் கேட்டால் மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு கணிப்பானைத் தட்டத் தொடங்குவார்கள், பூஜ்யங்களில் வழி தவறுவார்கள். நாம் கையாலேயே போட்டுப் பார்ப்போம்.

67,700 மீட்டரை 6.77×10⁴ என்று எழுதுகிறேன். ஒன்றுக்குக் குறையாத, பத்தை எட்டாத ஓர் எண் முன்னால். பத்தும் அதன் தோளில் அமர்ந்த அடுக்கும் பின்னால். பள்ளிப் பாடநூல் இதை அறிவியல் குறியீடு என்கிறது. நிலாவின் சராசரித் தூரம் 3.84×10⁸ மீட்டர். வகுக்க வேண்டும். 3.84-ஐ 6.77-ஆல் வகுத்தால் 0.567. அடுக்குகளைக் கழித்தால் 8-இல் 4 போக 4. ஆக 0.567×10⁴, அதாவது 5.67×10³ கிலோ. ஐந்தே முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. பத்து டன் ஏற்றும் லாரியில் பாதிக்குக் கொஞ்சம் மேல் நூல் இருந்தால், நுனி நிலாவைத் தொட்டுவிடும்.

சூரியனின் தூரம் 1.496×10¹¹ மீட்டர். 1.496-ஐ 6.77-ஆல் வகுத்தால் 0.221. 11-இல் 4 போக 7. 0.221×10⁷ என்றால் 2.21×10⁶ கிலோ, 2,210 டன். அதே லாரிகள் 221 வேண்டும். ஒட்டன்சத்திரம் சாலையில் வரிசையாக நிறுத்தினால் கண்ணால் பார்த்துவிடக்கூடிய வரிசை. பதினைந்து கோடிக் கிலோமீட்டர் என்று வாயால் சொல்லும்போது மனத்தில் எதுவும் தங்குவதில்லை. 221 லாரி நூல் என்றால் தங்குகிறது. அந்த இடத்துக்கு நம்மைக் கொண்டுவந்து சேர்த்தது 11-இல் 4 போக 7 என்கிற கழித்தல்தான்.

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். மாணவர்கள் இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. பழைய கணிப்பான்கள் பெரிய விடையை 2.21 என்று காட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஓரத்தில் சின்னதாக 06 என்று காட்டும். நடுவில் இருக்க வேண்டிய பத்தைக் காட்டாது. பிள்ளை அதை அப்படியே பார்த்து 2.21-க்கு ஆறாம் அடுக்கு என்று விடைத்தாளில் எழுதிவிடும். அதன் மதிப்பு 117-க்குள்தான். இருபத்திரண்டு லட்சம் எங்கே, 117 எங்கே! இன்னோர் இடம் குறை அடுக்கு. 10⁻³ என்று கரும்பலகையில் எழுதியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "மைனஸ் போட்டிருக்கே சார், அப்போ அது கடன்தானே?" அந்தக் கேள்வியை நான் ஒருபோதும் தட்டிக்கழித்ததில்லை. கழித்தல் குறி எந்தப் பக்கம் போகிறோம் என்பதை மட்டும் சொல்கிறது என்று விளக்குவேன். பத்தால் பெருக்கிக்கொண்டே போனால் மேலே. பத்தால் வகுத்துக்கொண்டே போனால் கீழே. மேலே, கீழே என்று சொல்லும்போதெல்லாம் நம் முன்னோர் வைத்த இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும்.

மேல்வாய் இலக்கம், கீழ்வாய் இலக்கம். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதிய பிள்ளைகளுக்கு இவை பழகிய சொற்கள். ஒன்றும் அதற்கு மேலும் மேல்வாய்; ஒன்றுக்குக் குறைந்த பின்னங்கள் கீழ்வாய். முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி, முந்திரியில் வந்து நிற்கும். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே போக வேண்டுமானால் என்ன செய்வது? இங்குதான் அவர்கள் செய்ததை நான் வியக்கிறேன். புதிய பெயர்களைத் தேடி அலையவில்லை. அந்த முந்திரியையே ஓர் ஒன்றாகப் பாவித்து, 'கீழ்' என்ற முன்னொட்டைச் சேர்த்துப் பழைய ஏணியையே மறுபடியும் இறக்கினார்கள். கீழரை என்றால் முந்திரியில் பாதி, 640-இல் ஒன்று. கீழ்முந்திரி என்றால் முந்திரியில் ஒரு முந்திரி: 320-ஐ 320-ஆல் பெருக்கி, 1,02,400-இல் ஒரு பங்கு. இன்றைய குறியீட்டில் 9.77×10⁻⁶.

'கீழ்' என்ற அந்த ஒரு சொல் செய்யும் வேலை, மில்லிமீட்டரில் 'மில்லி' செய்யும் வேலையேதான். மில்லி ஆயிரத்தால் வகுக்கிறது, கீழ் முந்நூற்றிருபதால் வகுக்கிறது. இதைக் கொண்டு, அறிவியல் குறியீட்டைத் தமிழர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மேடையில் முழங்க எனக்கு விருப்பமில்லை. அது உண்மையுமில்லை. அடுக்கைத் தோளில் ஏற்றி எழுதும் இன்றைய முறை 1637-இல் பிரான்சின் ரெனே டெகார்ட் எழுதிய வடிவியல் நூலின் வழியே பரவியது. ஆனால் ஒரே சுருக்கத்தைத் திரும்பச் செய்வது என்ற கருத்து கீழ்முந்திரிக்குள் இருக்கிறது. அந்த ஏணியை இன்னும் ஒரு படி இறக்கியிருந்தால் 320-இன் மூன்றாம் அடுக்கு வந்திருக்கும்.

இறக்கவில்லை. அதற்குக் கீழே இம்மி, மும்மி, அணு என்று தனித்தனிப் பெயர்களுக்குத் தாவிவிட்டார்கள். அங்கே குழப்பம் தொடங்குகிறது. இம்மியளவும் பிசகாமல் என்று நாம் பேசுகிறோம்; அந்த இம்மியின் மதிப்பே ஏட்டுக்கு ஏடு வேறுபடுகிறது. மேல்வாயிலும் இதே கதை. பரிபாடலின் இரண்டாம் பாடலில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், வெள்ளம் என்று பேரெண்களின் பெயர்கள் வருகின்றன. குளத்தில் பூத்த பூக்களை எண்ணி முடியாதவன் சூட்டிய பெயர்கள் போல அழகானவை. ஆனால் ஆம்பல் என்றால் ஒன்றுக்குப் பின் எத்தனை பூஜ்யம் என்று கேட்டால், ஒரு பட்டியல் ஒன்றைச் சொல்லும், இன்னொன்று வேறொன்றைச் சொல்லும். பெயர் தங்கிவிட்டது, அளவு நழுவிவிட்டது.

கிரேக்கத்தில் ஆர்க்கிமிடீசுக்கும் இதே சங்கடம் வந்தது. பேரண்டத்தை மணலால் நிரப்பினால் எத்தனை மணல் என்று கணக்கிடப் போனவர், அவர்கள் மொழியில் பத்தாயிரத்துக்கு மேல் தனிப்பெயர் இல்லாததால், எண்களை அடுக்கும் முறையொன்றைத் தாமே கட்ட வேண்டியிருந்தது. நம் குறியீட்டில் 10⁶³-க்கு மேல் போகாது என்று அவர் காட்டினார். இன்று அந்த விடையை எழுத நமக்கு நான்கு இலக்கங்கள் போதும்.

செய்தித்தாளுக்கும் இது பொருந்தும். 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைத்த மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு 48.21 லட்சம் கோடி ரூபாய். லட்சம் கோடி என்பதைப் படிக்கும்போது நம்மில் எத்தனை பேர் அதை ஓர் அளவாக உணர்கிறோம்? லட்சம் 10⁵, கோடி 10⁷. இரண்டும் சேர்ந்தால் 10¹². ஆகத் தொகை 4.82×10¹³ ரூபாய். மக்கள் 140 கோடி, 1.4×10⁹. வகுத்தால் 3.44×10⁴. தலைக்கு 34,400 ரூபாய். இந்தக் கணக்குக்கு ஒரு நிமிடம் ஆகாது. போட்ட பிறகு பட்ஜெட் விவாதத்தை நாம் கேட்கும் விதமே மாறிவிடும்.

இனி நம் மாவட்டத்தின் மேற்கு மூலைக்கு வருகிறேன். இங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் மழைக்காலக் காலைகளில் பழனி மலைத்தொடர் நீலமாகத் தெரியும். அந்த மலைகளின் மேல், கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. சுற்றுலாவுக்குப் போகிற நாம் ஏரியைச் சுற்றுகிறோம், தூண்பாறையைப் பார்க்கிறோம், சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அந்த ஆய்வகத்தைக் கடந்து போகும் பேருந்திலிருந்து எத்தனை பேர் இறங்கியிருக்கிறோம் என்று தெரியவில்லை. எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது.

தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சம், அதற்குப் பிறகுதான் சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கு வலுத்தது. வானியலாளர் மிச்சி ஸ்மித் தேர்ந்தெடுத்த கொடைக்கானல் மலையில் 1899-இல் ஆய்வகம் அமைந்தது. மழைக்காக ஏங்கிய சமவெளியின் பசிதான் அந்த மலையில் தொலைநோக்கியை நிறுத்தியது. 1907-இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் அங்கே வந்து சேர்ந்தார்.

1908-இல் அமெரிக்க வானியலாளர் ஹேல், சூரியக் கரும்புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்தார். அப்படியானால் புள்ளியைச் சுற்றி வாயு சுழன்றுகொண்டிருக்க வேண்டும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. 1909 ஜனவரியில் எவர்ஷெட் கரும்புள்ளிகளின் நிறமாலையைப் படம் பிடித்தார். கோடுகள் இடம் மாறியிருந்தன. ஆனால் சுழற்சிக்கு ஏற்றபடி அல்ல. புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கி, அரிசிமாவுக் கோலத்தின் நடுப்புள்ளியிலிருந்து இழைகள் விரிவது போல, வாயு பாய்ந்துகொண்டிருந்தது. உலகம் அதை இன்று எவர்ஷெட் விளைவு என்கிறது. திண்டுக்கல் மாவட்டத்து மலையொன்றில் பிறந்த கண்டுபிடிப்பு அது.

அவர் அளந்தது எவ்வளவு சிறியது என்று பார்ப்போம். அந்தப் பாய்ச்சலின் வேகம் நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர், 2×10³ மீட்டர். ஒளியின் வேகம் 3×10⁸ மீட்டர். ஒளி மூலம் நகரும்போது அதன் அலைநீளம் எந்த அளவு மாறும் என்பது இந்த இரண்டின் விகிதம். 2-ஐ 3-ஆல் வகுத்து, 3-இலிருந்து 8-ஐக் கழித்தால், 0.67×10⁻⁵, அதாவது 6.7×10⁻⁶. நம் கீழ்முந்திரியைவிடச் சற்றுச் சிறிய பின்னம்! ஆரஞ்சு நிற ஒளியின் அலைநீளம் 6×10⁻⁷ மீட்டர் என்று கொண்டால், அதில் இந்தப் பின்னம் 4×10⁻¹² மீட்டர். ஹைட்ரஜன் அணுவின் விட்டம் ஏறத்தாழ 10⁻¹⁰ மீட்டர். அணுவின் அகலத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவுக்கு நகர்ந்த அலைநீளம், நிறமாலைவரைவியில் விரிக்கப்பட்டு, கண்ணாடித் தகட்டில் கண்ணுக்குத் தெரியும் கோணலாகப் பதிந்தது. அந்தக் கோணல் புறப்பட்ட இடம் 1.5×10¹¹ மீட்டர் தொலைவு.

11 ஒரு பக்கம், கழித்தல் 12 மறுபக்கம். நடுவில் 23 படிகள். ஒரே மனிதர், ஒரே காலை, ஒரே கண்ணாடித் தகடு. பூஜ்யங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் இந்த இரண்டு எண்களும் ஒரே தாளில் அமரவே மறுக்கும். அடுக்காக எழுதும்போது அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன, ஒன்றையொன்று பெருக்கி வகுக்க இடம் கொடுக்கின்றன. இதைப் பல ஆண்டுகளாக ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்த்திருக்கிறது.

மலையிலிருந்து இறங்கி ஊருக்கு வருவோம். திண்டுக்கல் பூட்டுக்கு மட்டும் பெயர் பெற்ற ஊரல்ல, தோலுக்கும் பெயர் பெற்றது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் போய்க் குரோமிய உப்புகள் வந்தன. 1996 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதில் பேசப்பட்ட மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. தோல் ஷாப்புகள் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. பல கிணறுகளைக் கெடுத்தன. இரண்டும் உண்மை.

ஒருமுறை ஊருக்குக் கிழக்கே ஒரு நண்பர் தம் தோட்டத்துக் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். முடிவுத் தாளை என்னிடம் நீட்டினார். குரோமியம், லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். "அண்ணே, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் அஞ்சு. ஒண்ணுமே இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றார். இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் குரோமியத்தின் எல்லை அதுவேதான், 0.05. அதாவது அவர் கிணறு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது. நிற்க, சில வாரம் கழித்து அதே தாளின் நகல் ஒன்று வந்தது. தட்டச்சு செய்தவர் கையில் ஒரு பூஜ்யம் கூடி 0.005 ஆகியிருந்தது. நானும் முதல் பார்வையில் அதைக் கவனிக்கவில்லை. கிணறு எல்லையில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது, ஒரு விசைத் தட்டலில். 5×10⁻² என்றிருந்தது 5×10⁻³ என்று மாறியிருந்தால், தோளில் 2 போய் 3 வந்திருப்பது உடனே கண்ணில் குத்தியிருக்கும். பூஜ்யங்கள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதால் எளிதில் தொலையும், எளிதில் பெருகும்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஒன்றுமே இல்லையா? லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்றால் 5×10⁻⁵ கிராம். குரோமியத்தின் அணு நிறை 52. 52 கிராமில் இருக்கும் அணுக்கள், அவகாட்ரோ எண்ணின்படி, 6.02×10²³. 5-ஐ 52-ஆல் வகுத்து, 6.02-ஆல் பெருக்கி, அடுக்குகளைக் கூட்டினால், ஒரு லிட்டரில் 5.8×10¹⁷ அணுக்கள். நாம் குடிக்கும் 200 மில்லி டம்ளரில் 1.2×10¹⁷. கோடி கோடி என்பது 10¹⁴. ஆக ஆயிரத்து இருநூறு கோடி கோடி. எல்லைக்குள் இருக்கும் தண்ணீரில் இத்தனை! எடையாகப் பார்த்தால் −5, எண்ணிக்கையாகப் பார்த்தால் +17. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நல்ல தண்ணீரிலும் உப்புகளின் அணுக்கள் இதைவிடப் பல மடங்கு உண்டு, எல்லை என்பதும் உடல்நலம் கருதி வைத்ததே. நண்பர் பார்த்த பூஜ்யங்களுக்குப் பின்னால் வெறுமை இல்லை என்பதை மட்டும் அவரிடம் அன்று போட்டுக் காட்டினேன். நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிவியல் குறியீட்டைப் பலரும் சுருக்கெழுத்து என்றே நினைக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த பகுதி முன்னால் நிற்கும் எண். 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் மாவட்ட மக்கள்தொகை 21,59,775. அந்தக் கடைசி ஐந்து கணக்கெடுப்புத் தாளில் உண்மை. இன்று மேடையில் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று பேசும்போது அந்த ஐந்து எதையும் தாங்கவில்லை. பிறப்பும் இறப்பும் அதை அன்று மாலையே மாற்றியிருக்கும். 2.16×10⁶ என்று எழுதுகிறவர், மூன்று இலக்கம் வரைதான் பொறுப்பேற்கிறேன் என்று கையெழுத்திடுகிறார். 2.160×10⁶ என்றால் நான்கு. அந்தக் கடைசிப் பூஜ்யம் அங்கே சும்மா நிற்கவில்லை, அளந்து வைத்தது. 21,60,000 என்று எழுதும்போது எந்தப் பூஜ்யம் அளந்தது, எது இடத்தை நிரப்ப வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முக்கிய எண்ணுருக்கள் என்ற தலைப்பில் பதினோராம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்காக இதை மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். எவ்வளவு என்பதையும் அதை எவ்வளவு தூரம் நிச்சயமாக அறிவோம் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லும் எழுத்துமுறை வேறு எனக்குத் தெரியவில்லை.

இந்த நூல் கோனை இங்கேயே விட்டுச் செல்கிறேன். உள்ளே அச்சிட்ட 40 உண்மைதானா என்று யாராவது சோதிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆலைகளில் செய்வது போலவே செய்யலாம். ஒன்றரைக் கஜச் சுற்றளவுள்ள ராட்டையில் எண்பது சுற்று சுற்றினால் 120 கஜம். அதை எடை போடுங்கள். நூல் சரியான நாற்பதாக இருந்தால் 1.62 கிராம் வர வேண்டும். வேதியியல் ஆய்வகத் தராசு மில்லிகிராம் வரை காட்டும். எதிர்க்கடைத் தராசு கிராமோடு நின்றுவிடும். எதில் நிறுத்தாலும் சரி. அந்த எடையிலிருந்து கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்று கண்டுபிடித்து, சூரியன் வரைக்கும் எத்தனை லாரி என்று திரும்பக் கணக்கிட்டு எனக்கு எழுதுங்கள். உங்கள் தராசு எத்தனை இலக்கம் காட்டியதோ, அத்தனை இலக்கத்தோடு நிறுத்தி எழுதுங்கள்.